வாசனை மெழுகுவர்த்தி: எரிக்கும் முறையும் காலி ஜாடியின் மறுபயனும்

முத்தியால்பேட்டை மெழுகு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புதுச்சேரி ஒயிட் டவுன் கடைகளிலும் ஆரோவில் பக்கமும் கண்ணாடி ஜாடியில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி நிறைய விற்கிறது. எரிந்து தீர்ந்ததும் அந்தக் கனமான ஜாடியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அதை என்ன செய்யலாம் என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் கழுவுவதிலிருந்து தொடங்காது. முதல் நாள் எப்படிக் கொளுத்துகிறோம் என்பதே அந்த ஜாடி பின்னால் எதற்கு உதவும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

முதல் தடவை கொளுத்தும்போது உருகிய மெழுகு ஜாடியின் விளிம்பு வரை சுற்றிலும் போய்ச் சேரும்வரை அணைக்கக் கூடாது. 7 அல்லது 8 செ.மீ. அகலமுள்ள ஜாடிக்கு இது ஏறத்தாழ 3 மணி நேரம். அரை மணியில் அணைத்தால் நடுவில் உருகிய வட்டம் மட்டும் மென்மையாகி, சுற்றியுள்ள மெழுகு கெட்டியாக நின்றுவிடும். அடுத்த முறை தீ அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்கும். நாலைந்து தடவையில் நடுவில் குழி விழுந்து, திரி உருகிய மெழுகில் மூழ்கி அணையும், ஓரத்து மெழுகு அப்படியே வீணாகும்.

ஒவ்வொரு முறையும் கொளுத்துமுன் திரியை 5 அல்லது 6 மி.மீ. உயரத்துக்கு நறுக்குங்கள். மெழுகு நன்றாக ஆறிய பிறகு நகவெட்டியே போதும். நுனியில் காளான் போலக் கரி திரண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நீளமான திரி தேவைக்கு மேல் மெழுகை உறிஞ்சும். அவ்வளவையும் முழுதாக எரிக்கக் காற்று போதாது, மிச்சம் கரும்புகையாகி ஜாடியின் வாயிலும் கூரையிலும் படியும்.

தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள். அடியில் 1 செ.மீ. மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை எரித்த ஜாடியை மறுபடி எந்த நெருப்புக்கும் நான் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன்.

---

மஞ்சக்குப்பம் வாசகி

நல்ல தொடக்கம் சார். நம்ம ஊர் நிலைமைக்குச் சில சேர்க்கிறேன்.

மின்விசிறிக்கு நேர் கீழே எந்த மெழுகுவர்த்தியும் ஒழுங்காக எரியாது. தீ ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் அதிகமாகச் சூடாகும், எதிர்ப்பக்கம் மெழுகு உருகாமல் நிற்கும். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் சாயங்காலக் கடற்காற்று வரும் வீடுகளில் ஜன்னலோரமும் அப்படித்தான். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூலையில் வைத்து ஏற்றுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் 10க்கு 12 அடி அறை நிறைய மணம் தங்கிவிடும். அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். ஊதி அணைப்பதைவிட மூடியை மேலே வைத்து அணைப்பது மேல், திரிப்புகை நாற்றம் அறையில் பரவாது. தூங்கும் அறையில் ஏ.சி. போட்டுக் கதவையும் சாத்தி எரியவிட்டுத் தூங்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் வாசனை மெழுகையே தவிர்க்கலாம்.

கோடையில் இன்னொரு தொல்லை. ஜாடியில் ஊற்றும் சோயா மெழுகு 45 முதல் 55 டிகிரிக்குள் உருகிவிடும். கத்திரி வெயிலில் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் மேல்தட்டில் வைத்தால் குழைந்து, எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கும். காருக்குள் விட்டால் முழுதாக உருகிச் சாய்ந்துவிடும். தரைமட்டத்து மர அலமாரியில், மூடி போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துத் திரி படபடக்கும்.

குழி விழுந்த மெழுகுவர்த்தியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அலுமினிய ஃபாயிலை ஜாடி வாய்க்கு மேல் குடை மாதிரி சுற்றி, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ஓட்டை விட்டு, முக்கால் மணி எரியவிடுங்கள். வெப்பம் உள்ளேயே திரும்பி ஓரத்து மெழுகையும் உருக்கிச் சமப்படுத்தும். பக்கத்திலேயே இருங்கள். ஃபாயில் சுடும், துணி இல்லாமல் தொடாதீர்கள்.

---

கண்ணாடிக்காரர்

1 செ.மீ. மெழுகோடு நிறுத்தச் சொன்னதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால்தான் கடைப்பிடிப்பார்கள்.

இந்த ஜாடிகளில் பெரும்பாலானவை சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, சூடு தாங்கும் ஆய்வகத்து போரோசிலிகேட் கிடையாது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மெழுகு தீர்ந்ததும் திரியைப் பிடித்திருக்கும் தகடும் தீயும் அடிக்கண்ணாடியின் நடுவை நேரடியாகச் சூடாக்கும். நடுப்பகுதி விரியப் பார்க்கும், ஓரம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் அடி வட்டமாகத் தெறித்துக் கழன்றுவிடும். கடப்பைக்கல் மேடையிலோ கிரானைட்டிலோ நேராக வைத்தால் வேறுபாடு இன்னும் கூடும், கல் அடியின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கீழே ஒரு மரப்பலகை அல்லது சுடுமண் தட்டு வையுங்கள். நமக்கு வில்லியனூர் சுடுமண் பக்கத்திலேயே கிடைக்கிறது.

கடைசி வரை எரிந்த ஜாடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடிப்பக்கத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், தட்டுப்பட்டால் சில்லு போயிருக்கிறது. விரலால் சுண்டினால் நல்ல கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும். சந்தேகம் வந்தால் பொத்தான் போட்டு வையுங்கள், நெருப்பு வேண்டாம்.

---

லாஸ்பேட்டை தோட்டம்

மிச்ச மெழுகை எடுக்க ஃபிரீசர் வழி இருக்கிறதே? இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மெழுகு சுருங்கி, தட்டினாலே கட்டியாக வந்துவிடுகிறது. அடுப்பு, தண்ணீர் எதுவும் தேவையில்லை.

---

கண்ணாடிக்காரர்

வரும் ஐயா. பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) நன்றாகச் சுருங்கும், கட்டியாகவே விழும். சோயா அப்படியில்லை, கண்ணாடியில் படலமாக ஒட்டி நிற்கும். அதை எடுக்கக் கத்தி நுனியை விடுவார்கள். அங்கேதான் கெடுகிறது. கண்ணாடியின் வலுவே அதன் மழமழப்பான மேற்பரப்பில் இருக்கிறது. உள்ளே ஒரு கீறல் விழுந்தால், பிறகு சூடு படும்போது விரிசல் அங்கிருந்துதான் ஓடும். ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு வெந்நீர் ஊற்றினால் அப்போதே பிளக்கும்.

எனவே: சாமான் போட்டு வைக்கப் போகிற ஜாடி என்றால் ஃபிரீசர் சரி, எடுத்தபின் அரை மணி வெளியே வைத்துவிட்டுக் கழுவுங்கள். மறுபடி விளக்காகவோ மெழுகுவர்த்தியாகவோ ஆக்கப் போகிறீர்கள் என்றால் வெந்நீர் வழிதான்.

---

முத்தியால்பேட்டை மெழுகு

அந்த வெந்நீர் வழியை முழுதாக எழுதுகிறேன்.

அகலமான பாத்திரத்தின் அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போடுங்கள். ஜாடியை அதன் மேல் நிறுத்தி, வெளியே மெழுகு மட்டத்துக்குச் சற்று மேல் வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகே அடுப்பைச் சிம்மில் பற்றவையுங்கள். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்தே சூடாவதால் கண்ணாடிக்கு அதிர்ச்சி இல்லை. தண்ணீர் கொதிக்க வேண்டாம், ஆவி பறக்கும் நிலையில் மெழுகு உருகிவிடும். ஜாடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. துணியால் பிடித்துத் தூக்கி, மெழுகைச் சிலிகான் அச்சிலோ பழைய காகிதக் கோப்பையிலோ ஊற்றுங்கள். சூடு இருக்கும்போதே திரித்தகட்டை இடுக்கியால் அசைத்தால் பசை இளகி வந்துவிடும். உடனே செய்தித்தாளால் உட்புறத்தைத் துடைத்துவிட்டால் கழுவும் வேலை பாதி முடிந்த மாதிரி.

உருகிய மெழுகைச் சிங்க்கில் கொட்டவே கூடாது. குழாய் வளைவில் போய் உறைந்துவிடும். வெந்நீர் ஊற்றினால் உருகி இன்னும் கொஞ்ச தூரம் போய், கை எட்டாத இடத்தில் மறுபடி உறையும். துடைத்த காகிதமும் குப்பைக் கூடைக்குத்தான் போக வேண்டும்.

வெறும் பாத்திரத்தில் மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்குவதும் ஆபத்து. அளவுக்கு மீறிச் சூடானால் அதன் ஆவி தானாகவே தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது மெழுகுக்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை மேலே தூக்கி அடிக்கும்.

---

மஞ்சக்குப்பம் வாசகி

ஸ்டிக்கர் பசைக்கு: தேங்காயெண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு, ஒரு தேக்கரண்டிக்கு ஒரு தேக்கரண்டி குழைத்துப் பூசி 20 நிமிடம் விடுங்கள். விரலால் தேய்த்தாலே உருண்டு வரும். வாயில் படிந்த கரிக்கு முதலில் உலர்ந்த காகிதம், பிறகுதான் வினிகர் நனைத்த துணி. முதலிலேயே தண்ணீர் பட்டால் கரி இழுபட்டு ஜாடி முழுக்க அப்பிக்கொள்ளும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும். கம்பி நார் வேண்டாம், கண்ணாடிக்காரர் சொன்ன அதே கீறல் பிரச்சினை.

---

ஓ.டி. கடலூர்

கண்ணாடிதான் எதையும் உறிஞ்சாதே. நன்றாகக் கழுவினால் பருப்பு, மிளகு போட்டு வைத்தால் என்ன?

---

கண்ணாடிக்காரர்

கண்ணாடி உறிஞ்சாது, உண்மை. ஆனால் மற்றவை இருக்கின்றன. வாசனை ஆயில் சாப்பிடும் பொருளுக்கென்று செய்யப்பட்டது கிடையாது, திரித்தகட்டை ஒட்டிய பசையும் அப்படியே. ஜாடியின் வாயிலும் உள்ளேயும் பூசிய நிறத்திலும் தங்கக் கோட்டிலும் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்புண்டு. மெழுகுவர்த்திக்கென்று செய்த ஜாடியை உணவுக்கு ஏற்றதா என்று சோதித்து விற்பதில்லை. மூடியின் ரப்பர் வளையத்திலும் மர மூடியிலும் ஏறிய வாசனை எத்தனை கழுவினாலும் போகாது, மிளகில் லாவெண்டர் மணக்கும். சமையலறைக்கு வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பூஜை அறையில் கற்பூரம், திரி, குங்குமப் பொட்டலம், தையல் சாமான், பஞ்சு, பேனா எல்லாம் தாராளமாகப் போடலாம். தீப்பெட்டிக் குச்சிகளைப் போட்டு, பெட்டியின் உரசும் பட்டையை வெட்டி ஜாடியின் வெளியே ஒட்டிக்கொள்ளலாம். உப்புக் காற்றில் தகர மூடி துருப்பிடிக்கும். மர மூடி ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை வெயிலில் காயவையுங்கள்.

---

லாஸ்பேட்டை தோட்டம்

செடிக்கு ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஓட்டையில்லாத ஜாடியில் நேராக மண் போட்டு நட்டால் வேர் அழுகும். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். வடிய வழியே இல்லாத இடத்தில் கல் எப்படி வடிக்கும்? நீர் கல்லிடையே தேங்கும், மேலுள்ள மண் சொதசொதவென்றே இருக்கும். சிறு நாற்றுக் கப்பில் நட்டு, அந்தக் கப்பை ஜாடிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திருப்பி வைக்கலாம். ஓட்டை போடத்தான் வேண்டும் என்றால் வைரத்தூள் பிட், 6 மி.மீ., மிகக் குறைந்த வேகம், ஓட்டை விழும் இடத்தில் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே. டஃபன் கண்ணாடியில் (சூடேற்றி வலுவாக்கியது) முயன்றால் மொத்தமும் நொறுங்கும்.

மணிபிளாண்ட், துளசி, கற்பூரவல்லித் தண்டுகளைத் தண்ணீரில் வைத்து வேர்விட இந்த ஜாடி மிகப் பொருத்தம். கணு ஒன்றாவது நீருக்குள் இருக்க வேண்டும். ஆனால் நம்ம ஊரில் தேங்கிய தண்ணீர் என்றாலே டெங்கு நினைவுக்கு வர வேண்டும். ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட சின்னப் பாத்திரத்தில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுவதோடு உட்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும்.

---

ஓ.டி. கடலூர்

கொசு என்றதும் ஒன்று. சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தியைக் கொசுவிரட்டி என்று நம்பி வாங்காதீர்கள். 2017-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏடிஸ் கொசுவை வைத்துச் செய்த சோதனையில் அந்த மெழுகுவர்த்தியால் எந்தப் பலனும் தெரியவில்லை. மணத்துக்காக ஏற்றுங்கள், கொசுவுக்கு வலை போடுங்கள்.

மணம் என்றால் நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் வெட்டிவேர் இருக்கிறது. கடலூர் கரையோர மணல் நிலங்களில் விளைவது. கழுவிக் காய்ந்த ஜாடியில் ஒரு கைப்பிடி உலர்ந்த வேரைத் தளர்வாகச் சுருட்டி வைத்து, மூடிக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணி கட்டி அலமாரியில் வையுங்கள். மணம் குறைந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து நிழலில் உலர்த்தினால் மறுபடி எழும். ஆனால் அதே வேரையோ காய்ந்த ரோஜா இதழையோ மெழுகின் மேல் பதிக்க வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும். எரியும்போது அவை ஒவ்வொன்றும் தனித் திரியாகி, மேற்பரப்பு முழுதும் தீப்பிடிக்கும்.

ஒரு கேள்வி: நல்ல நிலையில் உள்ள ஜாடியில் மறுபடி மெழுகு ஊற்ற அளவு எப்படிக் கணக்கிடுவது?

---

முத்தியால்பேட்டை மெழுகு

ஜாடியில் வாயிலிருந்து ஒன்றரை செ.மீ. விட்டுத் தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 200 மி.லி. வந்தால் 0.86-ஆல் பெருக்குங்கள், 172. உருகிய மெழுகு தண்ணீரைவிட இலேசு என்பதால் இந்தக் கணக்கு. இதில் சோயா மெழுகு 159 கிராம், வாசனை ஆயில் 8 சதவீதம், அதாவது 13 கிராம். ஆயிலைத் தராசில் எடை போடுங்கள், மி.லி. கணக்கு வேண்டாம். 10 சதவீதத்தைத் தாண்டினால் மெழுகு அதைப் பிடித்துக்கொள்ளாது. எண்ணெய் தனியே பிரிந்து மேலே நிற்கும், திரி அடைபடும், மணமும் அதிகரிக்காது. தண்ணீர் கலந்த ரோஸ் வாட்டர், கடைத்தெரு அத்தர், உடலுக்குப் பூசும் சென்ட் எதுவும் இதற்கு ஆகாது.

ஜாடி துளிக்கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தகடு பொருத்திய பருத்தித் திரியைச் சூடு தாங்கும் பசையால் அடி நடுவில் ஒட்டி, மேலே இரண்டு ஐஸ் குச்சிக்கு நடுவே பிடித்து நேராக நிறுத்துங்கள். மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 75 டிகிரி வரை உருக்கி, இறக்கி, 65 முதல் 70-க்குள் வந்ததும் ஆயிலை விட்டு இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி சேரும். 55 முதல் 60 டிகிரியில் ஊற்றுங்கள். விசிறிக்காற்று படாமல் தானாக ஆற வேண்டும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழுந்தால் மிச்ச மெழுகை மெல்லியதாக இன்னொரு தடவை ஊற்றலாம். மேலே வெண்மையாகப் பூத்தது போல் தெரிந்தால் அது சோயாவின் இயல்பு, எரிவதற்குக் கெடுதல் இல்லை. மூடி வைத்து இரண்டு வாரம் கழித்து ஏற்றுங்கள், மணம் மெழுகில் நன்றாகப் பிடித்திருக்கும்.

திரியின் தடிமன் ஜாடி அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெலிந்த திரி குழி போடும், தடித்த திரி கரி கக்கும். 7 செ.மீ. ஜாடிக்கு என்று கேட்டு வாங்குங்கள். அகலம் சொல்லாமல் திரி வாங்குவதில் பொருளில்லை.

---

ஓ.டி. கடலூர்

நன்றி அண்ணா. நாலைந்து ஜாடியில் மிஞ்சிய மெழுகையெல்லாம் உருக்கிச் சேர்த்து ஒரு புது மெழுகுவர்த்தி ஆக்கலாமா?

---

முத்தியால்பேட்டை மெழுகு

திரி போட்டு எரிக்க வேண்டாம் தம்பி. ஒன்று பாரஃபின், ஒன்று சோயா, ஒன்று தேங்காய் மெழுகுக் கலவை என்று இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு சூட்டில் உருகும், எந்தத் திரி பொருந்தும் என்று சொல்லவே முடியாது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஐஸ் அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, மின்சார மணமூட்டியில் ஒவ்வொன்றாக உருக்கி மணம் பெறலாம். ஒத்த வாசனைகளை மட்டும் சேருங்கள், சந்தனமும் மல்லிகையும் சேரும், சந்தனமும் எலுமிச்சையும் ஒன்றையொன்று கெடுக்கும். துணி அலமாரியில் வைப்பதானால் காகிதத்தில் சுற்றி, பருத்திப் பையில் போட்டு வையுங்கள். பட்டுப்புடவை மேல் பட்டால் எண்ணெய்க் கறை. மணமே போன மெழுகை இறுகிய மர டிராயர் ஓரத்திலும் ஜிப்பிலும் தேய்க்கலாம், நன்றாக வழுக்கும்.

---

வில்லியனூர் வீடு

காலி ஜாடியில் தண்ணீர் விளக்கு ஏற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விரிசல் சோதனையில் தேறிய ஜாடியில் முக்கால் பாகம் தண்ணீர், மேலே 1 செ.மீ. நல்லெண்ணெய், அதன் மேல் மிதக்கும் திரித்தட்டு. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானாக அணையும், அடிக்கண்ணாடிக்குச் சூடே போகாது. தீ ஜாடி வாயிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் ஆழத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் காற்றில்லாமல் புகையும்.

புயல் காலத்துக்கும் இந்த ஜாடிதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர், புதுச்சேரிப் பக்கம் எத்தனை நாள் மின்சாரமில்லாமல் கிடந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜன்னலைச் சாத்திய வீட்டுக்குள் வாசனை மெழுகுவர்த்தியை வரிசையாக ஏற்றினால் தலைவலிதான் மிஞ்சும். 8 செ.மீ.க்குக் குறையாத அகல ஜாடியில் 3 செ.மீ. உயரத்துக்கு மணல் போட்டு, சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டி நடுவில் ஊன்றுங்கள். மணல் சூட்டை அடிக்கு விடாது, கண்ணாடி காற்றை மறைக்கும், சாய்ந்தாலும் தீ உள்ளேயே இருக்கும்.

---

மஞ்சக்குப்பம் வாசகி

கடற்கரை மணலே போதுமா, ஆற்று மணல் வேண்டுமா?

---

வில்லியனூர் வீடு

ஆற்று மணல்தான் அக்கா. கடல் மணலில் உப்பு இருப்பதால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈர மணல் சூடானால் ஆவி கண்ணாடியில் படிந்து வெளிச்சம் மங்கும், மெழுகுவர்த்தியும் ஊன்றி நிற்காது. சலித்து, இரண்டு தண்ணீர் அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, ஜாடியிலேயே போட்டு மூடி வையுங்கள். ஐப்பசி பிறக்குமுன் செய்துவிட்டால் நல்லது.